நாளை வரும் திருடனுக்கு இன்றே புதுப் பூட்டு

இண்டர்நெட்டில் உங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கிறீர்கள். முகவரியின் தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாஸ்வேர்டைத் தருகிறீர்கள். இது நல்ல பழக்கம். அந்தக் கடைசி 'எஸ்' எழுத்துக்குப் பின்னால் ஒரு பூட்டு இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டருக்கும் வங்கியின் சர்வருக்கும் இடையே செல்லும் தகவலை நடுவில் யார் எடுத்தாலும் படிக்க முடியாமல் அது காக்கிறது.

சில ஆண்டுகளாக இந்தப் பூட்டை உலகம் முழுவதும் சத்தமில்லாமல் மாற்றி வருகிறார்கள். பழைய பூட்டு உடைந்துவிட்டதா? இல்லை. அதை உடைக்கும் குவாண்டம் கம்ப்யூட்டர் வந்துவிட்டதா? அதுவும் இல்லை. பிறகு ஏன் இவ்வளவு அவசரம்? நான் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் குழுவுக்கும் இந்த மாற்று வேலை வந்திருக்கிறது. அதைப் பற்றிச் சொன்னாலே நண்பர்கள் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். விடையை இங்கே பார்ப்போம்.

பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம்

89ஐ 97ஆல் பெருக்கினால் என்ன வரும்? கால்குலேட்டரில் ஒரு நொடியில் 8633 என்று சொல்லிவிடலாம். இப்போது திருப்பிக் கேட்கிறேன். 8633 என்பது எந்த இரண்டு எண்களின் பெருக்கல்? 3, 7, 11, 13 என்று ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்துக் கொண்டே போக வேண்டும்.

1977ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மேன் ஆகிய மூவர் உருவாக்கிய ஆர்எஸ்ஏ என்ற முறை இந்த வேறுபாட்டின் மீதுதான் நிற்கிறது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, வரும் எண்ணை உலகத்துக்கே சொல்லிவிடலாம். அதைக் கொண்டு யார் வேண்டுமானாலும் பூட்டலாம். ஆனால் அந்த இரண்டு எண்களும் தெரிந்தவர்தான் திறக்க முடியும்.

ஒரு எண் பகா எண்தானா என்று சோதிப்பது சிரமமில்லை. அதற்கு வேகமான, உறுதியான வழி உண்டு என்று 2002ல் ஐஐடி கான்பூரைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா ஆகியோர் நிரூபித்தார்கள். ஆனால் பெருக்கி வைத்த எண்ணைப் பிரிப்பதற்கு நம் சாதாரண கம்ப்யூட்டர்களில் அப்படி ஒரு வேகமான வழி கிடைக்கவில்லை. 2020ல் 250 இலக்கம் கொண்ட ஒரு எண்ணைப் பிரித்தார்கள். ஒரே ஒரு புரோசசர் கோரை வைத்துச் செய்திருந்தால் அந்த வேலைக்குச் சுமார் 2700 ஆண்டுகள் ஆகியிருக்கும். நடைமுறையில் உள்ள 2048 பிட் ஆர்எஸ்ஏ எண்ணுக்கு 617 இலக்கங்கள்!

இன்று பல தளங்களில் சாவி பரிமாற்றத்துக்கு எலிப்டிக் கர்வ் என்ற வேறு கணக்கு பயன்படுகிறது. அதன் பலமும் இதே வகைதான்: ஒரு பக்கம் எளிது, மறு பக்கம் மிகக் கடினம்.

ஷோர் கண்ட குறுக்கு வழி

1994ல் பெல் லேப்ஸில் இருந்த பீட்டர் ஷோர் ஒரு வழியைக் காட்டினார். சிறிய எண்ணை வைத்துப் பார்த்தால் நமக்கும் அது புரியும். 15ஐப் பிரிக்க வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துக் கொண்டே போய், ஒவ்வொன்றையும் 15ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள். 2, 4, 8, 1, மறுபடியும் 2, 4, 8, 1 என்று வரும். நான்கு படிக்கு ஒரு முறை அதே வரிசை திரும்புகிறது. நான்கில் பாதி இரண்டு. எனவே 2ஐ 2 முறை பெருக்குங்கள், 4 வரும். அதில் ஒன்றைக் கழித்தால் 3, ஒன்றைக் கூட்டினால் 5. விடை கிடைத்துவிட்டது!

அதாவது வரிசை எத்தனை படிக்கு ஒரு முறை திரும்புகிறது என்று தெரிந்தால் போதும், காரணிகள் கைக்கு வந்துவிடும். 617 இலக்க எண்ணில் அந்தத் திரும்பல் வருவதற்குள் நம் கம்ப்யூட்டர்களின் ஆயுள் முடிந்துவிடும். குவாண்டம் கம்ப்யூட்டர் இங்கேதான் வித்தியாசப்படுகிறது. அது எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் சோதித்துப் பார்த்துவிடும் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியான விளக்கமில்லை. குளத்தில் பல கற்களைப் போட்டால் அலைகள் சில இடங்களில் ஒன்றை ஒன்று அழிக்கும், சில இடங்களில் சேர்ந்து உயரும். கியூபிட்டுகளில் தவறான விடைகளின் அலைகள் அழிந்து, சரியான திரும்பலின் அலை மட்டும் உயரும்படி ஷோர் கணக்கை அமைத்தார். எலிப்டிக் கர்வ் பூட்டும் இதே வழியில் திறந்துவிடும்.

எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

2001ல் ஐபிஎம் ஆய்வகத்தில் 7 கியூபிட்டுகளைக் கொண்டு ஷோர் முறையில் 15ஐப் பிரித்துக் காட்டினார்கள். 2024 டிசம்பரில் கூகுள் அறிவித்த வில்லோ சிப்பில் 105 கியூபிட்டுகள் உண்டு. 2048 பிட் ஆர்எஸ்ஏயை உடைக்க இது எந்த மூலைக்கும் போதாது. கியூபிட்டுகள் எளிதில் பிழை செய்பவை. அவற்றைத் திருத்தவே ஏராளமான கியூபிட்டுகள் வேண்டும்.

ஆனால் மறு பக்கத்தையும் பாருங்கள். 2019ல் கிரெய்க் கிட்னி, மார்ட்டின் எகேரா இருவரும் கணக்கிட்டபோது 2 கோடி கியூபிட்டுகள் இருந்தால் 8 மணி நேரத்தில் உடைக்கலாம் என்று வந்தது. 2025 மே மாதம் கிட்னி வெளியிட்ட புதிய கணக்கில் 10 லட்சத்துக்கும் குறைவான கியூபிட்டுகள், ஒரு வாரத்துக்குள் வேலை முடியும் என்று வந்தது. இயந்திரம் பெரிதாகிக் கொண்டே வருகிறது. தேவை சிறிதாகிக் கொண்டே வருகிறது.

இன்று பதிவு, நாளை திறப்பு

அவசரத்துக்குக் காரணம் இதுதான். பூட்டிய தகவலை இன்று படிக்க முடியாவிட்டாலும், அப்படியே பதிவு செய்து வைக்க முடியும். ஹார்ட் டிஸ்க் விலை மலிவு. பத்து, இருபது ஆண்டுகள் கழித்துக் கருவி வந்ததும் பழைய பதிவுகளைத் திறந்து கொள்ளலாம். நீங்கள் அன்றைக்கு எவ்வளவு நல்ல பூட்டு வாங்கினாலும், இன்று போன தகவலுக்கு அது உதவாது.

மிஷேல் மோஸ்கா என்ற ஆய்வாளர் இதற்கு எளிய கூட்டல் ஒன்றைத் தந்திருக்கிறார். ஒரு ரகசியம் எத்தனை ஆண்டு காக்கப்பட வேண்டும்? பூட்டை மாற்ற எத்தனை ஆண்டு ஆகும்? இரண்டையும் கூட்டுங்கள். குவாண்டம் கம்ப்யூட்டர் வர ஆகும் ஆண்டுகளை விட அது அதிகம் என்றால் நீங்கள் ஏற்கெனவே தாமதம். உதாரணமாக, ரகசியத்துக்கு 30 ஆண்டு, மாற்ற 7 ஆண்டு, மொத்தம் 37. கருவி வர 20 ஆண்டு ஆகும் என்று வைத்துக் கொண்டாலும் கணக்கு இடிக்கிறது.

வீட்டில் இருந்து நீங்கள் அனுப்பும் தகவல்களை இப்படிப் பிரித்துப் பாருங்கள். ஓடிபி சில நிமிடங்கள்தான் ரகசியம். ஏடிஎம் கார்டு எண் கார்டு காலாவதியாகும் வரை. ஆனால் ஆதார் எண், கைரேகை, ஸ்கேன் ரிப்போர்ட், குடும்பப் படங்கள்? பாஸ்வேர்டை மாற்றலாம், கைரேகையை மாற்ற முடியாது.

மாற்றுவதற்கு ஏன் ஆண்டுக் கணக்கில் ஆகிறது என்று கேட்கலாம். எங்கள் குழுவில் முதலில் கையில் எடுத்தது பழைய பூட்டு எங்கெங்கே இருக்கிறது என்று பட்டியல் போடும் வேலை. லாகின் பகுதியில் ஒன்று, பேக்அப்பில் ஒன்று, அப்டேட் அனுப்பும் இடத்தில் ஒன்று, வெளியில் வாங்கிய புரோகிராம்களுக்குள் இன்னும் சில. இந்தப் பட்டியலே மாதக் கணக்கில் நீள்கிறது.

புதுப் பூட்டு எப்படிப்பட்டது?

அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2016ல் உலக ஆய்வாளர்களிடம் புதிய முறைகளைக் கேட்டது. முதல் சுற்றுக்கு 69 முறைகள் ஏற்கப்பட்டன. ஆண்டுக் கணக்கில் அவற்றை ஒருவருக்கொருவர் உடைக்கப் பார்த்தார்கள். 2024 ஆகஸ்ட் 13 அன்று மூன்று தரநிலைகள் வெளியாயின. ஒன்று சாவி பரிமாற்றத்துக்கு, மற்ற இரண்டு டிஜிட்டல் கையெழுத்துக்கு. சாவிக்கு உரியதன் பெயர் எம்எல்கெம்.

அதன் அடிப்படை நாம் பள்ளியில் போட்ட கணக்குதான். 2 பேனாவும் 1 நோட்டும் 50 ரூபாய். 1 பேனாவும் 3 நோட்டும் 100 ரூபாய். பேனா 10, நோட்டு 30 என்று சொல்லிவிடுவீர்கள். இப்போது கடைக்காரர் ஒவ்வொரு பில்லிலும் ஓரிரு ரூபாய் கூட்டியோ குறைத்தோ சொல்கிறார் என்று வையுங்கள். இரண்டு பொருள் என்றால் ஊகித்துவிடலாம். 768 பொருள்கள், எல்லா பில்லிலும் சிறு பிழை, போதாக்குறைக்குக் கடிகாரம் 12க்குப் பின் 1க்குத் திரும்புவது போலத் தொகை 3329ஐத் தொட்டதும் மீண்டும் 0ல் தொடங்குகிறது என்றால்? இந்தக் கணக்கை உடைக்க ஷோர் முறை உதவவில்லை. வேறு வேகமான குவாண்டம் வழியும் கிடைக்கவில்லை.

ஆனால் இனியும் கிடைக்காது என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. நிஸ்ட் போட்டியில் நான்காம் சுற்று வரை வந்த சைக் என்ற முறையை 2022ல் பெல்ஜியத்தின் காஸ்ட்ரிக், டெக்ரு என்ற இரு ஆய்வாளர்கள் சாதாரண கம்ப்யூட்டரின் ஒரே கோரில், சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். அதனால்தான் இப்போது பிரவுசர்களில் பழைய பூட்டு, புதுப் பூட்டு இரண்டையும் சேர்த்தே போடுகிறார்கள். ஒன்று உடைந்தாலும் மற்றது காக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

சிக்னல் 2023லும், ஆப்பிளின் ஐமெசேஜ் 2024லும் புதுப் பூட்டுக்கு வந்துவிட்டன. 2024ல் டெஸ்க்டாப் குரோம், ஃபயர்பாக்ஸ் பிரவுசர்களிலும் வந்தது. எனவே:

1. பிரவுசர் அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். புதுப் பூட்டு அதில்தான் வருகிறது.

2. ரூட்டரின் ஃபர்ம்வேரையும் புதுப்பியுங்கள். பழைய முறையில் 32 பைட்டாக இருந்த சாவி இப்போது 1184 பைட். குரோமில் இது வந்தபோது சில பழைய நெட்வொர்க் கருவிகள் இந்தப் பெரிய செய்தியைத் தாங்காமல் இணைப்பைத் துண்டித்தன.

3. சோதித்துப் பார்க்க, குரோமில் எஃப்12 விசையை அழுத்தி, செக்யூரிட்டி பகுதியைத் திறந்து, தளத்தை ரீலோட் செய்யுங்கள். கனெக்ஷன் விவரத்தில் எம், எல், கே, இ, எம் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள் சேர்ந்து வந்தால் புதுப் பூட்டு வேலை செய்கிறது. உங்கள் வங்கித் தளத்தில் வராவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேளுங்கள். பூட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு, உங்கள் பக்கம் மட்டும் மாறினால் போதாது.

4. ஏஇஎஸ் 256 முறையில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஃபைல்களுக்கு ஷோர் முறையால் ஆபத்து இல்லை. அங்கே எளிதில் ஊகிக்கக் கூடிய பாஸ்வேர்டுதான் பெரிய ஓட்டை.

5. 'குவாண்டம் பாதுகாப்பு' என்று விளம்பரம் செய்து யாராவது விற்க வந்தால் பணம் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள். மேலே சொன்ன பிரவுசர்கள் அதை இலவசமாகத் தருகின்றன.

குவாண்டம் கம்ப்யூட்டர் எந்த ஆண்டு வரும் என்று பந்தயம் கட்ட வேண்டியதில்லை. அடுத்த முறை ஸ்கேன் ரிப்போர்ட்டையோ அடையாள அட்டையையோ அனுப்பும் முன், இது எத்தனை ஆண்டு ரகசியமாக இருக்க வேண்டும் என்று ஒரு நொடி கேட்டுக் கொள்ளுங்கள். ஆயுள் முழுவதும் என்றால், புதுப் பூட்டு உள்ள வழியில் அனுப்புங்கள்.