துருவைத் தின்னும் துகள்

சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பிலிருந்து தாம்பரம் வந்து, ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே திரும்பினால் பெருங்களத்தூர், அடுத்து வண்டலூர். ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. 1961 முதல் அங்கிருந்து ஹெரால்டு கார்கள் வந்தன. எழுபதுகளில் கெஸல், எண்பதுகளில் ஸ்டாண்டர்ட் 2000. தொழிற்சாலை மறைந்துவிட்டது. ஆனால் பழைய வண்டி ஆர்வலர்கள் இன்னும் சில ஹெரால்டுகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

வீட்டிலேயே புதுப்பிக்க நினைப்பவருக்கு இணக்கமான வண்டி அது. சேசிஸ் தனி, பாடி தனி. பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். போல்ட்டுகளைக் கழற்றக் கழற்றப் பாகம் பாகமாகப் பிரிந்து வரும். பிரித்ததும் கண்ணில் படுவது துரு. கதவின் அடிவிளிம்பில், சேசிஸின் மூலைகளில், புள்ளி புள்ளியாக உள்ளே இறங்கிய துரு. உப்புத்தாளும் கம்பி பிரஷ்ஷும் மேட்டைத் தேய்க்கும், குழிக்குள் போகாது. குழிக்குள் மிஞ்சிய துருவின் மேல் பட்டி பூசி, பெயிண்ட் அடித்தால் இரண்டு மழைக்காலத்தில் கொப்புளம் கிளம்பிவிடும். 'சாண்ட் பிளாஸ்டிங் மெஷின் ஒன்று வாங்கிப் போர்ட்டிகோவிலேயே அடித்துவிட்டால் என்ன' என்ற யோசனை பிறப்பது அங்கேதான். நல்ல யோசனைதான். ஆனால் அந்த இயந்திரத்துக்குள் மணலைப் போடக்கூடாது. காரணம் புரிய, பீய்ச்சப்படும் ஒரு துகள் போகிற வழியெல்லாம் நாமும் போய்ப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த பெஞ்சமின் டில்மன் 1870-இல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். காற்றாலோ நீராவியாலோ மணலை வேகமாக வீசினால் கல்லும் கண்ணாடியும் அரிபடும் என்பதே அவர் கண்டது. வியப்பு இதில் இல்லை. கண்ணாடியை அரிக்கும் அதே வீச்சு ரப்பரை ஒன்றும் செய்வதில்லை என்பதில்தான் இருக்கிறது. கோயில் வாசலிலும் கட்டடத் திறப்பு விழாக்களிலும் பார்க்கும் கிரானைட் பெயர்க்கற்கள் பலவற்றில் எழுத்து இப்படித்தான் இறங்குகிறது. கல்மேல் மெல்லிய ரப்பர் அல்லது வினைல் தாளை ஒட்டி, எழுத்தின் வடிவத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுத் துகளைப் பாய்ச்சுகிறார்கள். கடினமான கருங்கல் குழிகிறது, நகத்தால் கீறக்கூடிய தாள் நிற்கிறது. காரணம், கல் வளையாது. துகளின் ஆற்றல் முழுவதும் ஊசிமுனை அளவு இடத்தில் ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் இறங்கி, விரிசலாக வெடித்துவிடுகிறது. ரப்பர் உள்வாங்கிக் கொடுத்து, துகளைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

துருவும் பழைய பெயிண்டும் கல்லின் சாதி, நொறுங்குபவை. எஃகு இரண்டுக்கும் நடுவில். அது நொறுங்காது, நசுங்கும். அதனால்தான் அளவான வேகத்தில் அடிக்கும்போது துரு பறக்கிறது, இரும்பு நிற்கிறது. குழிக்குள்ளும் துகள் நுழைகிறது. இவ்வளவு எளிமையான ஒரு கருவிக்குள் இத்தனை நுட்பமான தேர்வு அமைந்திருப்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு தீர்வதில்லை.

ஆனால் எஃகு 'நசுங்கும்' என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிங் செய்த பானெட் அலை அலையாக நெளிந்துவிட்டது என்று வருந்துபவர்கள் உண்டு. சூட்டால் நெளிந்தது என்று டிங்கர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் சூடல்ல. ஒவ்வொரு துகளும் ஒரு சிறு சுத்தியல். அடிபட்ட மேற்பரப்பு பக்கவாட்டில் விரியப் பார்க்கிறது, அடிபடாத மறுபக்கம் விரிவதில்லை, தகடு வளைகிறது. ஸ்பிரிங்குகளின் ஆயுளைக் கூட்ட ஆலைகள் இதே விளைவை வேண்டுமென்றே செய்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸில் பணிபுரிந்த ஜான் ஆல்மன் அதை அளக்க ஒரு வழி கண்டார். மெல்லிய எஃகுப் பட்டை ஒன்றை ஒரு பக்கம் மட்டும் அடித்து, எவ்வளவு வளைகிறது என்று பார்ப்பது. இன்றும் உலகெங்கும் பயன்படும் அந்தப் பட்டைகளில் மிக மெல்லியதன் தடிமன் 0.79 மில்லிமீட்டர். கார்க் கதவின் தகடும் ஏறக்குறைய அதே தடிமன்தான்! வளைவதற்கென்றே தேர்ந்தெடுத்த சோதனைப் பட்டையும் நம் கதவும் ஒன்று. ஆகவே சேசிஸ், சஸ்பென்ஷன் கைகள், சக்கர ரிம் போன்ற தடித்த பாகங்களைத் தயங்காமல் அடிக்கலாம். பானெட், கதவு, கூரை ஆகியவற்றின் அகன்ற பரப்புகளுக்குப் பெயிண்ட் ரிமூவரே மேல். அவற்றின் விளிம்புகளிலும் மடிப்புகளிலும் மட்டும், 40, 50 பிஎஸ்ஐ அழுத்தத்தில், நுண்ணிய துகளால், நாசிலைச் சாய்த்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அடிக்கலாம்.

இனி இயந்திரம். கடைக்காரர் துப்பாக்கியைக் காட்டுவார், நாம் கேட்க வேண்டியது காற்றை. அரைக்கால் அங்குலத் துளையுள்ள நாசில், 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 17 கன அடி காற்றைக் குடிக்கும். துளையைக் கால் அங்குலமாக்கினால் நான்கு மடங்கு குடிக்கும். கம்ப்ரஸரோ, ஒரு ஹெச்.பி.க்குச் சுமார் 4 கன அடிதான் தரும். பஞ்சர் கடையில் பார்க்கும் 2 ஹெச்.பி. கம்ப்ரஸரால் அரைக்கால் அங்குல நாசிலுக்குக்கூட ஈடுகொடுக்க முடியாது. அரை நிமிடம் அடித்துவிட்டு டேங்க் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். தொடர்ந்து அடிக்க 5 ஹெச்.பி.யாவது வேண்டும், அதற்கு மூன்று பேஸ் மின்சாரம் வேண்டும். கோயம்புத்தூரில் செய்யும் நல்ல கம்ப்ரஸர்களின் விவரத் தகட்டில் இரண்டு எண்கள் இருக்கும். பிஸ்டன் இடம்பெயர்க்கும் அளவு ஒன்று, உண்மையில் வெளியே தரும் காற்றின் அளவு மற்றொன்று. பின்னதைப் பார்த்து வாங்குங்கள். நாசில் தேயும் என்பதும் கணக்கில் இருக்கட்டும். துளையின் குறுக்களவு பத்தில் ஒரு பங்கு கூடினாலே காற்றுச் செலவு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும்.

சென்னைக் காற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. 30 டிகிரி வெப்பத்தில், 70 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 21 கிராம் நீராவி இருக்கும். அதை எட்டில் ஒரு பங்காக அழுத்திக் குளிரவைத்தால் ஈரத்துணியைப் பிழிந்ததுபோல் நீர் சொட்டும். நிமிடத்துக்கு 10 கன அடி என்று ஒரு மணி நேரம் ஓட்டினால் ஏறக்குறைய 300 மில்லி! அவ்வளவும் ஹோஸுக்குள் வந்தால் துகள் கட்டிதட்டி நாசில் அடைத்துக்கொள்ளும், துடைத்த இரும்பு அங்கேயே மறுபடி துருப்பிடிக்கும். டேங்குக்கும் துப்பாக்கிக்கும் இடையே நீண்ட குழாய் போட்டுக் காற்றை ஆறவிட்டு, அதன் முடிவில் நீர்ப்பொறி வைக்க வேண்டும். டேங்கின் வாயிலேயே பொறியை மாட்டினால் பயன் குறைவு. அங்கே காற்று இன்னும் சூடாக இருக்கும், நீர் அதைத் தாண்டிய பிறகுதான் பிரியும்.

இப்போது மணலுக்கு வருவோம். ஆற்று மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது தனிச் சிலிக்கா. எம்-சாண்ட் ஆலையில் செய்ததுதானே என்பார்கள். ஆனால் அதுவும் உடைத்த பாறைதான். பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகள் சார்னோகைட் பாறை. கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கல்தான் போனது, பாறைக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். அந்தப் பாறையிலும் குவார்ட்ஸ் இருக்கிறது. அப்படிப்பட்ட பாறையை உடைத்த எம்-சாண்டிலும் அது இருக்கும்.

குவார்ட்ஸ் துகள் இரும்பில் மோதியதும் தானும் உடைகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும். ஆபத்து, கண்ணுக்குத் தெரியாததில். ஒரு மைக்ரான் அளவுள்ள குவார்ட்ஸ் துகள், அசையாத காற்றிலும் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர ஐந்து மணி நேரம் ஆகும். அது நுரையீரலின் காற்றறை வரை போகிறது. அங்கே காவலிருக்கும் விழுங்கணு அதை விழுங்குகிறது, செரிக்க முடியாமல் செத்துப்போகிறது. துகள் வெளியே வருகிறது, இன்னொரு விழுங்கணு விழுங்குகிறது. இந்தச் சுழற்சியில் காயமும் தழும்புமாக நுரையீரல் இறுகிப்போவதே சிலிக்கோசிஸ். புதிதாக உடைந்த குவார்ட்ஸின் பரப்பில் வேதிப் பிணைப்புகள் அறுந்து கிடப்பதால் அதன் நச்சுத்தன்மை கூடுதல். பிளாஸ்டிங்கில் பிறப்பது முழுக்க அப்படிப்பட்ட தூசிதான். கல்குவாரியில் ஆண்டுக்கணக்கில் வருவது இங்கே மிக விரைவில் வந்துவிடலாம். காசநோயும் புற்றுநோயும் கூடவே வரக்கூடும். தழும்பிலிருந்து நுரையீரலை மீட்கும் மருந்து கிடையாது.

உலகத்துக்கு இது புதுச் செய்தியல்ல. வார்ப்புப் பொருள்களை மணலால் பிளாஸ்டிங் செய்வதை பிரிட்டன் 1949 விதிகளிலேயே தடுத்தது. ஜீன்ஸ் துணிக்குப் பழசு போன்ற தோற்றம் கொடுக்க மணலடித்த இளைஞர்கள் மூச்சுத்திணறி இறந்த பிறகு, 2009-இல் துருக்கி அந்த வேலையைத் தடை செய்தது. நம் நாட்டின் 1948 தொழிற்சாலைகள் சட்டமும் சிலிக்கோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. ஆனால் வீட்டுப் போர்ட்டிகோவுக்கு ஆய்வாளர் வரமாட்டார். இதை அடித்துச் சொல்ல வேண்டியிருப்பதே அதனால்தான்.

மாற்றுக்கு நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் கடற்கரைத் தாதுக்களிலிருந்து கார்னெட்டைப் பிரித்தெடுக்கிறது. குவார்ட்ஸைவிடச் சற்றே கடினம், ஒன்றரை மடங்கு கனம். அதிலுள்ள சிலிக்கா மற்ற தனிமங்களோடு பிணைந்து கிடக்கிறது, தனிச் சிலிக்காவாக இல்லை. எளிதில் பொடியாகாததால் சலித்து மறுபடி பயன்படுத்தலாம். கரையில் அள்ளிய செம்மணலை அப்படியே போட்டுவிடாதீர்கள், அதில் குவார்ட்ஸ் கலந்திருக்கும். பிரித்துச் சுத்தம் செய்து, பையில் அளவு குறித்து விற்பதுதான் வேண்டும். அலுமினிய ஆக்சைடு இன்னும் கடினம், பலமுறை சுழலும். கார்புரேட்டர் போன்ற அலுமினியப் பாகங்களுக்குக் கண்ணாடி மணிகள் ஏற்றவை. ஆனால் எண்ணெய் ஓடும் துளைகளுள்ள எஞ்சின் பாகங்களை அடிக்க வேண்டாம். ஒளிந்திருக்கும் ஒரு மணி போதும், பேரிங்கைக் கெடுக்க. பிரேக் டிரம்மும் ஷூவும் கூடாது, பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும். பெட்ரோல் டேங்க் பக்கமே போக வேண்டாம், பாயும் துகள் நிலைமின்சாரத்தை உண்டாக்கும்.

துகளை மாற்றியதும் தூசி பற்றிய கவலை தீர்ந்துவிடாது. பழைய பெயிண்டிலும் பிரைமரிலும் ஈயம் இருக்கலாம். சேலையூரின் குறுக்குத் தெருவில் அடுத்த வீட்டு மாடியில் துணி காயும், கீழே சம்ப் மூடி திறந்திருக்கும், குழந்தை மண்ணில் விளையாடும். ஆகவே என் தீர்மானம் இது: வீட்டுக்கு ஏற்றது மூடிய கேபினெட் மட்டுமே. கண்ணாடி வழியே பார்த்து, உள்ளே பொருத்திய கையுறைக்குள் கைவிட்டு வேலை செய்யும் பெட்டி அது, தூசியை இழுத்துப் பிடிக்கும் வடிகட்டியோடு. அந்தப் பெட்டிக்குள் அடங்கும் பாகங்களை மட்டும் வீட்டில் அடியுங்கள். அப்போதும் முகத்தோடு இறுகப் பொருந்தும் தூசி முகமூடி வேண்டும். கைக்குட்டையும் அறுவைச் சிகிச்சை மாஸ்க்கும் இதற்கு ஒன்றுமே இல்லை. காதுக்கும் காப்பு வேண்டும்.

சேசிஸையும், விளிம்பிலும் மடிப்பிலும் மட்டும் அடிக்க வேண்டிய கதவுகளையும் தொழிற்பேட்டைக்கு அனுப்பிவிடுங்கள். திறந்தவெளியில் அடிப்பவருக்கு வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் தலைக்கவசம் வேண்டும், அதற்கான காற்றைச் சாதாரண எண்ணெய்க் கம்ப்ரஸரிலிருந்து எடுக்கக்கூடாது. வேலை கொடுக்கும்போது என்ன துகள் போடுகிறார்கள், அடிக்கும் தம்பிக்குத் தலைக்கவசம் இருக்கிறதா என்று கேளுங்கள். நம் காருக்காக வேறொருவர் நுரையீரலைக் கொடுக்கக்கூடாது. அழுத்தப் பானை வைத்த இயந்திரத்தைப் பழைய கேஸ் சிலிண்டரை வெட்டிச் செய்து தருபவர்களிடம் வாங்கவே வேண்டாம். 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மூடியின்மேல் 7 பார் அழுத்தம் தரும் விசை இரண்டு டன்னைத் தாண்டும், இரண்டு ஹெரால்டுகளைவிடக் கூடுதல். நல்ல பானையில் பாதுகாப்பு வால்வும், கையை எடுத்ததும் பாய்ச்சலை நிறுத்தும் பிடியும் இருக்கும்.

அனுப்பும் முன் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, கிரீஸையும் கடற்காற்றின் உப்பையும் போக்கிவிடுங்கள். துகள் உப்பை நீக்குவதைவிடக் குழிக்குள் திணிப்பதே அதிகம். அடித்து முடித்த எஃகு சாம்பல் நிறத்தில், லேசாகச் சொரசொரத்து இருக்கும். பிரைமர் பற்றிக்கொள்ள அந்தச் சொரசொரப்புதான் பிடி. வெறுங்கையால் தொட்டால் வியர்வை பட்ட இடத்தில் விரல் ரேகையாகத் துரு எழும். அன்றே, சில மணி நேரத்துக்குள், எபாக்ஸி பிரைமர் ஏற வேண்டும். அதற்குத் தகட்டின் வெப்பம், காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் துறையின் விதி. ஐப்பசி, கார்த்திகையில் அந்த 3 டிகிரி பல நாள் கிடைக்காது. பங்குனி, சித்திரையில் காலை பதினோரு மணிக்கு நிழலிலேயே தகடு 33, 34 டிகிரிக்குப் போய்விடும், பனிநிலை 25-ஐ ஒட்டி நிற்கும். கதவுகளை அப்போது அனுப்புங்கள், பிரைமரைத் தயாராக வைத்துக்கொண்டு.