கூடு யாருடையது?

சென்ற மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் நாக்பூர் வீட்டு வாசலில் காகிதப்பூக் கொடி அளவுக்கு மீறிப் படர்ந்து விட்டதென்று நானே கத்தரியை எடுத்து வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கிளையோடு குப்பை போல ஏதோ புல்லில் விழுந்தது. பெருக்கித் தள்ளப் போனேன். பேத்தி ஓடி வந்து, "தாத்தா, உள்ளே சத்தம் கேட்கிறது!" என்றாள். பார்த்தால், இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகள்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"இது யார் வீடு தாத்தா?"

"தூக்கணாங்குருவி" என்று சொல்லி விட்டேன். தொங்கும் கூடு என்றால் நம் ஊர்க்காரர்கள் வாயில் அந்தப் பெயர்தானே முதலில் வரும்? ஆனால் 36 வருடம் ரயில்வே பாலங்களைச் சோதித்தவன் அல்லவா? கட்டுமானத்தை உற்றுப் பார்த்ததும் சந்தேகம் வந்தது.

தூக்கணாங்குருவி புல்லையும் ஓலையையும் நாராகக் கிழித்துப் பின்னும். வாசல், கீழ்நோக்கிய நீண்ட குழாய். கட்டுவது ஆண் குருவி. பாதி முடிந்ததும் பெண் வந்து பார்த்து, பிடித்தால்தான் குடியேறும். பறவையியல் அறிஞர் சாலிம் அலி பம்பாய்க்கு அருகே கிஹிம் கிராமத்தில் இதைக் கூர்ந்து கவனித்து, 1931-ல் கட்டுரையாக வெளியிட்டார். இவை மழைக்காலத்தில், ஒரே மரத்தில் கூட்டமாகக் கட்டும். இதுவோ மார்ச் மாதம். கூடும் ஒன்றே ஒன்று.

தையல்சிட்டாக இருக்குமோ? அது இலையின் ஓரங்களில் அலகால் துளையிட்டு, பஞ்சு நூலைக் கோத்துத் தைக்கும். நூலின் நுனி வெளியே பிரிந்து நின்று, நாங்கள் அடிக்கும் ரிவெட் மாதிரி பிடித்துக்கொள்ளும். இந்தக் கூட்டில் தைத்த இலையே இல்லை.

இருந்தது என்ன? புல், நார், மரப்பட்டைத் துணுக்கு, புழுக்களின் எச்சம் எல்லாவற்றையும் சிலந்தி நூலால் சுற்றிய ஒரு பை. பக்கவாட்டில் வாசல், அதற்கு மேல் 'சன்ஷேடு' போல ஒரு சிறு தாழ்வாரம், உள்ளே மெத்தென்ற பஞ்சு. சந்தேகமே இல்லை, தேன்சிட்டு! இதைக் கட்டுவது பெண் சிட்டுதான். சிலந்தி நூல் இழுத்தால் நீளும், எளிதில் அறாது. வெளியே ஒட்டிய குப்பை, எதிரியின் கண்ணை ஏமாற்ற உதவும். நானே ஏமாந்தேனே!

இதற்குள் மருமகள் ஸ்பூனில் பால் கொண்டு வந்தாள். "வேண்டாம் அம்மா" என்று தடுத்தேன். இந்தக் குஞ்சுகளின் ஆகாரம் சிறு பூச்சிகளும் சிலந்திகளும்தான். அதை ஊட்டப் பெற்றவர்களால்தான் முடியும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பார்கள். பெரும்பாலான பறவைகளுக்கு அது பொருந்தாது. எனவே பக்கத்துக் கிளையில், அதே உயரத்தில், வாசல் முன்போலவே பக்கவாட்டில் இருக்குமாறு கூட்டைச் சணலால் கட்டிவிட்டு, எல்லோரும் உள்ளே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தோம்.

நாற்பது நிமிடம் ஒன்றுமில்லை. பேத்தி என்னோடு பேசவே இல்லை. பிறகு, வாயில் பூச்சியோடு பெண் சிட்டு வந்தது. பழைய இடத்தில் சிறகடித்துத் தடுமாறியது. குஞ்சுகளின் குரல் கேட்டுத் திரும்பி, வாசலில் தலையை நுழைத்தது. சற்று நேரத்தில் கருநீலமாய் மின்னும் ஆணும் வந்தது. அப்போதுதான் இது ஊதாத் தேன்சிட்டு என்று உறுதியாயிற்று. பத்துப் பன்னிரண்டு நாளில் கூடு காலியாகி விட்டது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கொடியை வெட்டுமுன், தொங்கும் 'குப்பை'யை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். நான் இப்போதெல்லாம் பேத்தியிடம் அனுமதி வாங்காமல் கத்தரியைத் தொடுவதில்லை.