கரண்டு வண்டி வாங்கலாமா? லாபம் யாருக்கு? ஆபத்து எங்கே? முழு விவரம்

கிருஷ்ணகிரி:

சென்னையில் பெட்ரோல் விலை 2021-ம் ஆண்டு ஜூலை மாதம் லிட்டருக்கு 100 ரூபாயை தாண்டியது. அன்று முதல் டீக்கடை, கம்பெனி கேண்டீன், பஸ் நிறுத்தம் என்று எங்கு பார்த்தாலும் ஒரே கேள்விதான். "பேசாம கரண்டு வண்டி வாங்கிடலாமா?"

இந்த கேள்வி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கொஞ்சம் அதிகமாகவே கேட்கிறது. காரணம், நாடு முழுவதும் ஓடும் பேட்டரி ஸ்கூட்டர்களில் பெரும் பங்கு இந்த மாவட்டத்தில்தான் தயாராகிறது. ஓசூரில் டி.வி.எஸ். கம்பெனியின் ஐக்யூப் வண்டியும், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த 2 பேர் 2013-ம் ஆண்டு தொடங்கிய ஏத்தர் கம்பெனியின் வண்டியும் தயாராகின்றன. போச்சம்பள்ளி அருகே ஓலா தொழிற்சாலை இருக்கிறது. சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி கம்பெனி இருக்கிறது. பக்கத்தில் ராணிப்பேட்டையில் ஆம்பியர் தொழிற்சாலை 2021-ம் ஆண்டு திறக்கப்பட்டது.

வண்டி நம்ம ஊரில் தயாராகிறது சரி. அதை வாங்கினால் நமக்கு கட்டுப்படியாகுமா? ராத்திரி வீட்டுக்குள் சார்ஜ் போட்டு விட்டு நிம்மதியாக தூங்கலாமா? இந்த 2 கேள்விக்கும் விடை தெரியாமல் ஷோரூம் படி ஏறக்கூடாது.

உள்ளே என்ன இருக்கிறது?

பெட்ரோல் வண்டியில் என்ஜின் இருக்கும் இடத்தில் இதில் மோட்டார் இருக்கிறது. சில வண்டிகளில் பின் சக்கரத்துக்குள்ளேயே மோட்டாரை வைத்திருப்பார்கள். சிலவற்றில் மோட்டார் தனியாக இருந்து பெல்ட் அல்லது செயின் மூலம் சக்கரத்தை சுற்றும்.

மோட்டாருக்கு கரண்டு கொடுப்பது லித்தியம் பேட்டரி. இது ஒரே பெரிய பேட்டரி கிடையாது. டார்ச் லைட் செல் போன்ற சின்ன சின்ன செல்கள் நூற்றுக்கணக்கில் ஒரு பெட்டிக்குள் அடுக்கப்பட்டிருக்கும். எந்த செல் சூடாகிறது, எது அதிகம் சார்ஜ் ஆகிறது என்று கண்காணிக்க உள்ளே ஒரு எலெக்ட்ரானிக் போர்டு உண்டு. இதை பி.எம்.எஸ். என்பார்கள். பேட்டரிக்கு காவல்காரன் இதுதான்.

பேட்டரியின் அளவை கிலோவாட் மணி என்று போட்டிருப்பார்கள். குழப்பமே வேண்டாம். ஒரு கிலோவாட் மணி என்பது இ.பி. பில்லில் வரும் ஒரு யூனிட். 3 கிலோவாட் மணி பேட்டரி என்றால் 3 யூனிட் கரண்டு பிடிக்கும் டேங்க் என்று அர்த்தம். சார்ஜ் ஆகும்போது கொஞ்சம் சூடாகி வீணாவதால் மீட்டரில் சுமார் மூன்றரை யூனிட் ஓடும்.

என்ஜின் ஆயில், ஸ்பார்க் பிளக், கார்புரேட்டர், கிளட்ச் எதுவும் கிடையாது. அதனால் சர்வீஸ் செலவு குறைவு. டயர், பிரேக், பேரிங் மட்டும் வழக்கம்போல் தேயும்.

லாபம் யாருக்கு?

எல்லோருக்கும் ஒரே லாபம் கிடையாது. தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறார் என்பதில்தான் மொத்த கணக்கும் இருக்கிறது.

சூளகிரியில் இருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு போய் வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். போக வர சுமார் 50 கி.மீ. மாதம் 25 நாள் வேலை என்றால் 1,250 கி.மீ. பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கி.மீ. கொடுத்தால் மாதம் சுமார் 28 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று போட்டாலே ரூ.2,800 ஆகிறது.

அதே தூரத்துக்கு பேட்டரி வண்டி சுமார் 50 யூனிட் கரண்டு குடிக்கும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் ரூ.400-தான். மாதம் ரூ.2,400 மிச்சம். ஆண்டுக்கு 28 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும்.

இப்போது ஊருக்குள் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் தினம் 10 கி.மீ. ஓட்டும் ஒருவரை பார்ப்போம். அவருக்கு மாதம் பெட்ரோல் செலவே ரூ.560 அளவில்தான். பேட்டரி வண்டியில் 80 ரூபாய் செலவாகும். மிச்சம் ரூ.480. ஆண்டுக்கு ரூ.5,800-ஐ தாண்டாது.

பெட்ரோல் வண்டியை விட 20 ஆயிரம் ரூபாய் கூடுதலாக கொடுத்து பேட்டரி வண்டி வாங்கினால், முதல் ஆசாமி 9 மாதத்தில் போட்ட பணத்தை எடுத்து விடுவார். இரண்டாம் ஆசாமிக்கு மூன்றரை ஆண்டு ஆகும். அதற்குள் பேட்டரிக்கும் வயதாகி விடும்.

இந்த விலை வித்தியாசமும் முன்புபோல் இல்லை. மத்திய அரசு 2021-ம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு கிலோவாட் மணிக்கு ரூ.15 ஆயிரம் வரை மானியம் கொடுத்தது. 2023 ஜூனில் அது ரூ.10 ஆயிரம் ஆனது. 2024 ஏப்ரலில் ரூ.5 ஆயிரம், 2025 ஏப்ரலில் ரூ.2,500 என்று தேய்ந்தது. இன்னொரு பக்கம் 350 சி.சி. வரை உள்ள பெட்ரோல் வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாக 2025 செப்டம்பர் 22-ந் தேதி குறைந்தது. பேட்டரி வண்டிக்கு வரி 5 சதவீதம்தான் என்றாலும் பழைய மானிய கணக்கை நம்பி யாரும் இறங்கக்கூடாது.

இ.பி. பில் எகிறுமா?

இது பலர் கவனிக்காத சமாச்சாரம். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் 2 மாதத்துக்கு ஒருமுறை கணக்கு எடுக்கப்படுகிறது. 100 யூனிட் இலவசம். ஆனால் 500 யூனிட்டை தாண்டினால் கதை மாறி விடும். தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் அல்ல, 101-வது யூனிட்டில் இருந்தே சலுகை ரேட் போய் கூடுதல் ரேட் வந்து விடும்.

ஏற்கனவே 2 மாதத்துக்கு 430 யூனிட் ஓடும் வீட்டில், தினம் 50 கி.மீ. ஓட்டுபவர் பேட்டரி வண்டி வாங்கினால் மேலும் 100 யூனிட் சேரும். மொத்தம் 530 யூனிட். பில்லை பார்த்து "வண்டி இவ்வளவு கரண்டு இழுக்குதா?" என்று திகைக்க வேண்டியதுதான். இழுத்தது வண்டி மட்டும் அல்ல, ரேட்டும் சேர்ந்து ஏறியிருக்கும். அப்படியும் பெட்ரோல் செலவை விட குறைவுதான். ஆனாலும் வாங்கும் முன் பழைய பில்லை எடுத்து ஒரு கூட்டல் போடுவது நல்லது.

வாடகை வீட்டுக்காரர்கள் பாடு இன்னும் சிக்கல். பல வீட்டு ஓனர்கள் யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று வாங்குகிறார்கள். சிலர் வண்டிக்கு சார்ஜ் போடவே கூடாது என்கிறார்கள். மாடி வீட்டில் இருப்பவர்கள் ஜன்னல் வழியாக ஒயரை தொங்கவிட்டு கீழே சார்ஜ் போடுவது உண்டு. ஆபத்து இங்கேதான் ஆரம்பமாகிறது.

வேலூர் சோகம்

2022-ம் ஆண்டு மார்ச் மாதம் வேலூரில் ஒரு வீட்டில் இரவு பேட்டரி ஸ்கூட்டருக்கு சார்ஜ் போட்டு விட்டு தூங்கினார்கள். நள்ளிரவில் வண்டி தீப்பிடித்தது. புகையில் மூச்சு திணறி தந்தையும் மகளும் பரிதாபமாக இறந்தனர்.

அதே ஆண்டு செப்டம்பர் மாதம் செகந்திராபாத்தில் பேட்டரி வண்டி ஷோரூமில் தீப்பிடித்து, புகை மேலே இருந்த லாட்ஜுக்குள் புகுந்தது. 8 பேர் பலியானார்கள்.

இரண்டு சம்பவத்திலும் உயிரை குடித்தது புகை. ஒரு செல் கட்டுக்கடங்காமல் சூடானால் பக்கத்து செல்லும் சூடாகும். ஒன்றை தொட்டு ஒன்று என்று பெட்டி முழுக்க பரவும். அப்போது வரும் புகை விஷம். தூக்கத்தில் இருப்பவருக்கு எழுந்து ஓட நேரம் கிடைக்காது.

தொடர் தீ விபத்துகளுக்கு பிறகு மத்திய அரசு பேட்டரி பாதுகாப்பு விதிகளை கடுமையாக்கியது. ஏ.ஐ.எஸ்.156 என்ற இந்த விதி 2022 டிசம்பர் 1-ந் தேதியும், 2023 மார்ச் 31-ந் தேதியும் 2 கட்டமாக அமலுக்கு வந்தது. பேட்டரிக்குள் தண்ணீர் புகக்கூடாது, சூடு ஏறினால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும், நிரம்பியதும் சார்ஜர் தானாக நிற்க வேண்டும் என்பவை இதில் முக்கியமானவை. எனவே இந்த தேதிக்கு முன் தயாரான பழைய வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

பெட்ரோல் வண்டியும் தீப்பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதை யாரும் படுக்கை அறை ஓரத்தில் வைத்து இரவு முழுக்க ஒயர் மாட்டி வைப்பதில்லை. வித்தியாசம் அதுதான்.

எப்படி சார்ஜ் போட வேண்டும்?

* வீட்டை விட்டு வெளியேறும் வாசலை மறித்து வண்டியை நிறுத்தி சார்ஜ் போடக்கூடாது. மாடிப்படிக்கு கீழேயும் கூடாது. தீப்பிடித்தால் தப்பிக்க அதுதான் ஒரே வழி.

* காற்றோட்டமான, வெயில் நேரடியாக படாத வெளிப்பகுதி நல்லது. கழற்றும் பேட்டரி என்றால் படுக்கை அறை, சமையல் அறையில் வைத்து சார்ஜ் போடக்கூடாது.

* எர்த் சரியாக உள்ள தனி 15 ஆம்ஸ் பிளக் பாயிண்ட் போட்டுக்கொள்ள வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஒட்டுப்போட்ட ஒயர் ஆகவே ஆகாது.

* வண்டியுடன் வந்த சார்ஜரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். விலை குறைவு என்று வேறு சார்ஜர் வாங்கினால் வினைதான்.

* வெயிலில் ஓட்டி வந்ததும் உடனே சார்ஜ் போடாமல், பேட்டரி சூடு ஆறும் வரை பொறுக்க வேண்டும்.

* எல்லோரும் தூங்கிய பிறகு சார்ஜ் ஆவதை விட, விழித்திருக்கும் நேரத்தில் போடுவதே பாதுகாப்பு.

* பேட்டரி உப்பினாலோ, விசித்திர வாடை வந்தாலோ, மழை வெள்ளத்தில் மூழ்கினாலோ சார்ஜ் போடாமல் சர்வீஸ் சென்டருக்கு சொல்ல வேண்டும்.

* புகை வந்தால் வண்டியை காப்பாற்ற முயலாமல் குடும்பத்தோடு வெளியே வந்து 101-க்கு போன் செய்ய வேண்டும். லித்தியம் தீ அணைந்ததுபோல் தெரிந்தாலும் மறுபடி பற்றும்.

சொன்ன மைலேஜ் கிடைக்குமா?

விளம்பரத்தில் வரும் கிலோமீட்டர் சோதனைக் கூடத்தில் எடுத்த கணக்கு. ரோட்டில் அதில் முக்கால் பங்கு கிடைத்தாலே பெரிது. இரண்டு பேர் உட்கார்ந்து, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் மேடு ஏறினால் இன்னும் குறையும். வேகமாக முறுக்கினாலும் குறையும். எனவே தினசரி தேவையை போல ஒன்றரை மடங்கு தூரம் உண்மையில் ஓடும் வண்டியை வாங்கினால்தான் நடுவழியில் தள்ளிக்கொண்டு போகாமல் இருக்கலாம்.

பெட்ரோல் 2 நிமிடத்தில் போடலாம். இதற்கு வீட்டு பிளக்கில் 4, 5 மணி நேரம் ஆகும். பெரு நகரம், நெடுஞ்சாலை தவிர கிராமத்து பக்கம் பொது சார்ஜிங் மையங்கள் குறைவு. தினமும் எவ்வளவு தூரம் போவோம் என்றே தெரியாத வியாபாரிகளுக்கு இது தலைவலிதான்.

லைசென்ஸ் வேண்டாமா?

மணிக்கு 25 கி.மீ. வேகத்தை தாண்டாத, 250 வாட்ஸ் அளவுக்குள் மோட்டார் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே பதிவு எண்ணும் லைசென்சும் தேவை இல்லை. அதற்கு மேல் ஓடும் எல்லா பேட்டரி வண்டிக்கும் பச்சை நம்பர் பிளேட், லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் கட்டாயம்.

25 கி.மீ. வண்டி என்று விற்று விட்டு, "ஒரு ஒயரை கழட்டினா 45 போகும்" என்று ஆசை காட்டுபவர்களும் உண்டு. அப்படி மாற்றிய வண்டி சட்டப்படி பதிவு செய்யாத வண்டி. விபத்து நடந்தால் நஷ்டஈடு கொடுக்க இன்சூரன்ஸ் இருக்காது. ஓட்டியவர் தலையில்தான் விடியும். பள்ளி மாணவர்களுக்கு இந்த வண்டியை வாங்கிக்கொடுக்கும் பெற்றோர் இதை கவனிக்க வேண்டும்.

விலை மலிவான சில வண்டிகளில் லித்தியத்துக்கு பதில் பழைய லெட் ஆசிட் பேட்டரி இருக்கும். கனமும் அதிகம், ஆயுளும் குறைவு. ஓரிரு ஆண்டில் மாற்ற வேண்டி வரும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

பேட்டரிக்கு எத்தனை ஆண்டு வாரண்டி என்பதே முதல் கேள்வி. 3 ஆண்டு என்பது வழக்கம். கூடுதல் பணம் கட்டினால் 8 ஆண்டு அல்லது 80 ஆயிரம் கி.மீ. வரை தரும் கம்பெனிகளும் உண்டு. வண்டி விலையில் பெரும் பங்கு பேட்டரிதான் என்பதால் வாரண்டி முடிந்து மாற்றினால் பல ஆயிரம் ரூபாய் காலி.

அடுத்து, சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். மூலைக்கு மூலை இருக்கும் மெக்கானிக் இந்த வண்டியை பிரிக்க மாட்டார். சாப்ட்வேர் கோளாறு என்றால் கம்பெனி ஆள்தான் வர வேண்டும். சர்வீஸ் தாமதம் உள்ளிட்ட புகார்கள் குவிந்ததால் ஓலா எலெக்ட்ரிக் கம்பெனிக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் நோட்டீஸ் அனுப்பியது. பெரும்பாலான புகார்களை தீர்த்து விட்டதாக கம்பெனி பதில் சொன்னது. எந்த கம்பெனி வண்டியாக இருந்தாலும் ஷோரூமில் விசாரிப்பதோடு நிற்காமல், அதே வண்டியை ஒரு ஆண்டு ஓட்டியவரிடமும் கேட்பது நல்லது. வாங்கிய பிறகு பிரச்சினை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

மொத்தத்தில், தினம் 30 கி.மீ.க்கு மேல் ஒரே பாதையில் போய் வருபவர், சார்ஜ் போட வீட்டுக்கு வெளியே பத்திரமான இடம் உள்ளவர், பக்கத்தில் சர்வீஸ் சென்டர் இருப்பவர் ஆகியோருக்கு பேட்டரி வண்டி லாபம்தான். இந்த மூன்றில், இடம் இல்லாதவர்கள் மட்டும் எவ்வளவு லாபம் வந்தாலும் அவசரப்படக்கூடாது. மாதம் மிச்சமாகும் 2 ஆயிரம் ரூபாயை விட ராத்திரி தூக்கம் பெரிது.