கண்ணீர் மாளிகையின் வாசலில்

வெளிநாடு போய் வந்தவர்கள் புகைப்பட ஆல்பத்தைத் திறந்தால் போதும். பார்க்க வந்தவர்களுக்கு உடனே அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்துவிடும்! நான் உங்களை அப்படிச் சோதிக்கப் போவதில்லை. பெர்லின் நகரத்தில் ஒரே ஒரு நாள் என்னோடு வாருங்கள், போதும்.

பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து படித்த சிநேகிதி அங்கே குடித்தனம் செய்கிறாள். கடைத்தெருவுக்குப் போகலாம் என்று நான் தயாராக நின்றேன். "கடை எங்கேயும் ஓடிப் போகாதடி! இன்றைக்கு ஊரைப் பார்" என்று என்னை ஒரு வழிகாட்டி அம்மாளிடம் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். அந்த அம்மாளுக்கு எழுபது வயது. கையில் மடக்குக் குடை. நடையில் எங்கள் இருவரையும் தோற்கடித்துவிட்டார்!

முதலில் பிராண்டன்பர்க் வாசல். 1791-ல் கட்டி முடித்தது. உச்சியில் நான்கு குதிரை பூட்டிய ரதம். 1806-ல் நெப்போலியன் அந்த ரதத்தைக் கழற்றிப் பாரிஸுக்கு அனுப்பிவிட்டான். 1814-ல் அது திரும்பி வந்தது.

"ரதம் திரும்பி வந்துவிட்டது. திரும்பி வராதவற்றைப் பார்க்க வேண்டுமானால் கீழே பாருங்கள்" என்றார் அம்மாள்.

குனிந்து பார்த்தேன். சாலையின் குறுக்கே இரட்டை வரிசையாகக் கற்கள் பதித்திருந்தன. பெர்லின் சுவர் நின்ற இடம் அது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஊர் பங்கு போடப்பட்டது. மேற்குப் பகுதி அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் வசம். கிழக்கு சோவியத் வசம். கிழக்கு ஜெர்மனியிலிருந்து ஜனங்கள் லட்சக்கணக்கில் மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க, 1961 ஆகஸ்டு 13-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஊர் தூங்கும் நேரத்தில் முள்கம்பி போட்டார்கள். பிறகு சுவர் எழுந்தது. மேற்கு பெர்லினைச் சுற்றிச் சுமார் 155 கிலோமீட்டர்!

அங்கிருந்து ரயிலேறி நார்ட்பான்ஹோஃப் என்ற நிலையத்தில் இறங்கினோம். பக்கத்திலேயே பெர்னவர் தெரு. அந்தத் தெருவின் ஒரு சாரியில் இருந்த வீடுகள் கிழக்குக்குச் சொந்தம். வீட்டு வாசலில் உள்ள நடைபாதையோ மேற்குக்குச் சொந்தம்! வாசற்படியைத் தாண்டினால் வேறு ராஜ்யம். கதவுகளை அடைத்துவிட்டதும் ஜனங்கள் ஜன்னல் வழியே குதித்தார்கள். கீழே மேற்குத் தீயணைப்புப் படையினர் துணியை விரித்துப் பிடித்தார்கள்.

ஈடா சீக்மான் என்று ஓர் அம்மாள். வயது 58. அவளுடைய சகோதரி சில தெருக்கள் தள்ளி மேற்கில் இருந்தாள். ஆகஸ்டு 22-ந் தேதி காலையில் மெத்தை முதலியவற்றை மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து கீழே போட்டுவிட்டுத் தானும் குதித்தாள். தப்பவில்லை. மறு நாள் அவளுக்குப் பிறந்த நாள்.

நாங்கள் பேசாமல் நடந்தோம்.

கடைசியாக பிரீட்ரிக் தெரு ரயில் நிலையம். அதை ஒட்டிக் கண்ணாடியும் இரும்புமாக ஒரு கட்டடம். 1962-ல் கட்டியது. கிழக்கிலிருந்து மேற்கே திரும்புகிறவர்களைச் சோதித்து அனுப்பிய இடம். வழியனுப்ப வந்தவர்கள் வெளியிலேயே நின்றுவிட வேண்டும். அதனால் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர், 'கண்ணீர் மாளிகை'. இப்போது பொருட்காட்சிசாலை; நுழைவுக் கட்டணம் கிடையாது.

அம்மாள் உள்ளே போகவில்லை, வாசலிலேயே நின்றார்.

"என் பாட்டி நான்கு தெரு தள்ளி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கேதான் சாப்பாடு. சுவர் வந்தபோது எனக்கு வயது ஆறு. அதன்பின் இரண்டு வருஷத்துக்கு மேல் பார்க்கவே முடியவில்லை. 1963 கிறிஸ்துமஸுக்குத்தான் முதல் முறையாக அனுமதிச் சீட்டுக் கொடுத்தார்கள். அம்மாவும் நானும் காப்பிப் பொடி வாங்கிக்கொண்டு போனோம். நடுராத்திரிக்குள் திரும்பிவிட வேண்டும். பாட்டி இந்த வாசல் வரைக்கும் வந்தாள். 'அடுத்த தடவை உனக்கு கேக் செய்து வைக்கிறேன்' என்றாள்."

"அடுத்த தடவை?" என்று கேட்டாள் என் சிநேகிதி.

"1964 இலையுதிர் காலத்தில் மறுபடி சீட்டுக் கொடுத்தார்கள். அதற்குள் பாட்டி போய்விட்டாள்."

1989 நவம்பர் 9-ந் தேதி இரவு சுவர் திறந்தது. அதிகாரி ஒருவர் நிருபர்கள் கூட்டத்தில், போக்குவரத்து அனுமதி எப்போது முதல் என்று கேட்டதற்கு, காகிதங்களைப் புரட்டிவிட்டு, "உடனே" என்று சொல்லிவிட்டார்! டெலிவிஷனில் கேட்ட ஜனங்கள் திரண்டுவிட்டார்கள். அன்றிரவு வழிகாட்டி அம்மாளும் சுவரைக் கடந்து, பாட்டியின் வீட்டு ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்தாராம். வேறு யாரோ அங்கே விளக்கேற்றி வைத்திருந்தார்களாம்.

மறு நாள் கடைத்தெருவுக்குப் போனோமா என்று கேட்கிறீர்களா? போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து பழைய கதையெல்லாம் பேசித் தீர்த்தோம். சிநேகிதி ஐந்து வருஷமாகத் தள்ளிப்போட்ட பிரயாணத்துக்கு, பொங்கலுக்கு அம்மாவைப் பார்க்க வர, டிக்கெட் வாங்கிவிட்டாள்.

விமான நிலையத்தில் வழக்கம்போல, "போய் வருகிறேன்" என்றேன். நாம் யாரும் "போகிறேன்" என்று சொல்வதில்லை அல்லவா? நம் பெரியவர்கள் பழக்கிய அந்தச் சின்ன வார்த்தையில் எத்தனை பெரிய ஆசை அடங்கியிருக்கிறது என்பது கண்ணீர் மாளிகையின் வாசலில் நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.