அக்கி: முதல் மூன்று நாள்

முடக்குவாதம் அறிவோம் – 14

"வீட்டில் அப்பாவுக்கு அக்கி வந்திருக்கிறது. முடக்குவாதத்துக்கு மருந்து சாப்பிடும் அம்மாவை அதே வீட்டில் வைத்திருக்கலாமா? பத்து நாள் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாமா?"

முடக்குவாதக்காரர்கள் இருக்கும் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. மூட்டுகளைத் தாக்கும் எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கும்போது, கிருமிகளைத் தடுக்கும் காவலும் ஓரளவு தளர்கிறது என்று முந்தைய வாரங்களில் பார்த்தோம். அந்தத் தளர்வில் முதலில் தலைகாட்டும் நோய்களில் ஒன்று அக்கி. அதனால் இந்த வாரம் முழுக்க அதைப் பற்றியே பேசுவோம்.

இரண்டு நோய், ஒரே கிருமி

புதுக்கோட்டை மாவட்டத்து அன்னவாசலை எடுத்துக்கொள்வோம். சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்குத் தெரிந்த ஊர்தான். பக்கத்து நார்த்தாமலை முத்துமாரியம்மனுக்குப் பங்குனியில் பூச்சொரிதலும் தேரோட்டமும் நடக்கும்போது சுற்றுவட்டாரமே திரளும். வெயில் ஏறும் அந்தப் பருவத்தில்தான் சின்னம்மையும் தலைகாட்டும். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியாள் உள்ளே வரமாட்டார். அக்கி வந்தால் வழி வேறு. வேளார் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிக்கொள்வார்கள். ஒன்று அம்மன் இறங்குவது, மற்றது உடம்புச் சூடு என்பது ஊர்க்கணக்கு.

மருத்துவக் கணக்கில் இரண்டும் வாரிசெல்லா சோஸ்டர் என்ற ஒரே வைரஸின் வேலை. முதல்முறை உடம்பில் நுழையும்போது அது சின்னம்மையாக வருகிறது. முத்துகள் உதிர்ந்து தழும்பு ஆறிய பின்னும் கிருமி வெளியேறுவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளிலும் முகத்து நரம்புகளின் முடிச்சுகளிலும் போய் நீறு பூத்த நெருப்பாகக் கிடக்கிறது. இருபது ஆண்டோ ஐம்பது ஆண்டோ கழித்து, எதிர்ப்பாற்றல் தளரும் நேரத்தில், ஒரு நரம்பின் வழியாகத் தோலுக்கு வந்து சேர்கிறது. அதுதான் அக்கி. நரம்பின் பாதையிலேயே வருவதால்தான் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டை போட்டாற்போல் கொப்புளங்கள் எழுகின்றன.

இதைப் புரிந்துகொள்ள நெடுங்காலம் பிடித்தது. அக்கி கண்டவர் இருக்கும் வீட்டில் குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதை ஹங்கேரி மருத்துவர் யானோஷ் போகாய் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கவனித்துச் சொன்னார். 1950-களில் அமெரிக்காவின் தாமஸ் வெல்லர் இரண்டு நோயின் கொப்புளங்களிலிருந்தும் வைரஸை ஆய்வகத்தில் வளர்த்து, இரண்டும் ஒன்றே என்று காட்டினார். அது மீண்டும் எப்படித் தலைதூக்குகிறது என்று விளக்கியவர் இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிறு நகரில் குடும்ப மருத்துவராக இருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன். தன்னிடம் வந்தவர்களில் 16 ஆண்டுகளில் அக்கி கண்ட 192 பேரைக் குறித்துவைத்து, 1965-இல் கட்டுரையாக வெளியிட்டார். ஊரில் சின்னம்மை பரவும் காலத்துக்கும் அக்கிக்கும் தொடர்பில்லை, வயது ஏற ஏற அக்கி கூடுகிறது என்பது அவர் கண்ட உண்மை. கிருமி வெளியிலிருந்து வரவில்லை, உள்ளே உறங்கியது விழிக்கிறது என்ற முடிவுக்கு அப்படித்தான் வந்தார். ஒரு சிற்றூர் டாக்டரின் பொறுமையான குறிப்பேடு உலகத்துக்கே பாடமானது.

யார் விலகி இருக்க வேண்டும்?

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். அக்கி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அக்கியாகத் தொற்றாது. அம்மாவுக்குச் சின்னம்மை முன்பே வந்து போயிருந்தால், அப்பாவின் அக்கியால் அவருக்கு அக்கி வராது. பேரனுக்குப் போட்ட சின்னம்மையாலும் அக்கி வராது. அவருக்கு வருமானால், அது அவர் உடம்பிலேயே கிடந்த கிருமியால் வருவது. அக்கா வீட்டுக்கு அனுப்பி அதைத் தடுக்க முடியாது.

அவர் சின்னம்மையே காணாதவராக இருந்தால்தான் கவலை. அக்கிக் கொப்புளத்தின் நீர் பட்டால் அவருக்குச் சின்னம்மை வரலாம். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து சாப்பிடும் பெரியவருக்குச் சின்னம்மை வந்தால் நுரையீரலைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். குளிர்நாடுகளில் ஏறக்குறைய எல்லாருக்கும் சிறுவயதிலேயே சின்னம்மை வந்துவிடும். நம்மைப் போன்ற வெப்பநாடுகளில் அம்மை காணாமலே பெரியவர்களாகிறவர்கள் பலர். ஆகவே 'சின்ன வயசுல வந்திருக்கும்' என்று நாமாக முடிவுகட்டக் கூடாது. வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கும் நினைவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

அக்கியைத் துணியால் மூடிவைத்து, துண்டையும் படுக்கையையும் தனியாக்கி, கை கழுவிக்கொண்டால் பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். பொருக்குக் கட்டிக் காயும்வரை இந்தக் கவனம் வேண்டும். சின்னம்மை அப்படியல்ல. அது காற்றிலும் பரவும்; முத்து தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடும். வேப்பிலை கட்டி வெளியாளை நிறுத்துவது நல்ல வழக்கம். ஆனால் வீட்டுக்கு உள்ளேயே அம்மை காணாத முடக்குவாதக்காரர் இருந்தால், தனியே இருக்க வேண்டியவர் அவர்தான். அப்படிப்பட்டவர் அம்மை கண்ட குழந்தையோடு இருந்துவிட்டார் என்று தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். நோய் வருமுன்னே முதல் சில நாட்களுக்குள் கொடுக்கத்தக்க தடுப்பு மருந்துகள் உண்டு. முத்து வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தால் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும்.

முடக்குவாதக்காரர்களுக்கு ஏன் கூடுதல்?

டெல்லிக்கு அருகே கிராம மக்களிடையே நடத்தி 1993-இல் வெளியான ஆய்வு, பெரியவர்களில் 0.75 விழுக்காட்டினருக்கு முடக்குவாதம் இருப்பதாகச் சொன்னது. ஆயிரம் பெரியவர்கள் உள்ள ஊரில் ஏழெட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மற்றவர்களைவிட இவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பு ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. நோயே எதிர்ப்பாற்றலைக் குலைப்பது ஒரு காரணம், மருந்து இன்னொரு காரணம்.

மருந்துகளில் எல்லாம் ஒன்றுபோல இல்லை. வாரம் ஒருநாள் சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் அக்கியைப் பெரிதாகக் கூட்டுவதாகத் தெரியவில்லை. ஸ்டீராய்டு அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும். பிரெட்னிசொலோன் நாளொன்றுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டும்போது இது தெளிவாகத் தெரிகிறது. டோஃபாசிடினிப் போன்ற புதிய மாத்திரைகளில் அக்கி உயிரியல் ஊசிகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஜப்பான், கொரியாவில் இன்னும் அதிகமாகப் பதிவாகியிருக்கிறது. இந்திய நிறுவனங்களே தயாரிக்கத் தொடங்கியதால் இந்த மாத்திரை இன்று நம்மூர் நோயாளிகளுக்கும் எட்டும் விலைக்கு வந்திருக்கிறது. மூட்டைக் காப்பாற்றும் நல்ல மருந்து அது. அக்கியை எதிர்பார்த்துத் தயாராக இருந்துகொண்டு சாப்பிட வேண்டிய மருந்தும்கூட.

எனக்குப் பெரிய வருத்தம் வேறொன்றில். டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கலில் கேட்டு வாங்கும் 'மூட்டுவலி மாத்திரை'யில் ஸ்டீராய்டு இருப்பது சாப்பிடுகிறவருக்கே தெரியாது. பெயர் இல்லாத பொடிகளிலும் அது கலந்திருப்பது உண்டு. வலி உடனே விடும், பசி எடுக்கும், முகம் உப்பும். 'உடம்பு தேறிடுச்சு' என்று சொல்வார்கள். உள்ளே காவல் தளர்ந்துகொண்டிருக்கும்.

முதுகை யார் பார்ப்பது?

அக்கி பெரும்பாலும் கொப்புளத்தோடு தொடங்குவதில்லை. இரண்டு மூன்று நாள் முன்பே எரிச்சல், குத்தல், தொட்டால் கூசுதல். இடது மார்பில் வந்தால் நெஞ்சுவலியோ என்று பயப்படுவார்கள். முடக்குவாதக்காரருக்கு இன்னொரு சிக்கல் உண்டு: வலி அவருக்குப் பழகிப்போனது. இதுவும் அதிலே ஒன்று என்று ஒரு வலி மாத்திரையைக் கூடப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். தோள் இறுகியிருப்பதால் கை பின்னால் போகாது. விரல் மடங்காததால் கண்ணாடியைப் பிடிக்கவும் முடியாது. முதுகில் வந்ததை அவரால் பார்க்கவே முடியாது. ரவிக்கைக் கொக்கி மாட்டிவிடும் மருமகள்தான் முதலில் பார்ப்பாள்.

"அத்தை, என்ன இது, ஒரு பக்கமா செவந்து கெடக்கு?"

"வேர்க்குருவா இருக்கும்த்தா. கொஞ்சம் பவுடர் போட்டு விடு."

பல வீடுகளில் முதல் நாள் இப்படித்தான் கழிகிறது. அடையாளம் கண்டுகொள்வது கடினமல்ல. முடக்குவாத வலி மூட்டில் இருக்கும், பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும், காலை விறைப்போடு வரும். அக்கியின் வலி ஒரு பக்கத்தில் பட்டையாக ஓடும், முதுகுத்தண்டைத் தாண்டி மறுபக்கம் போகாது, மேலே சேலை உரசினாலே எரியும்.

அந்த மூன்று நாள்

அக்கி எழுதுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காவியை நீரில் குழைத்து, இறகால் தொட்டு, கொப்புளங்களின் மேலும் சுற்றிலும் வேளார் எழுதுவார். சிங்கம் வரைவதும் உண்டு. காவியின் குளிர்ச்சி எரிச்சலுக்கு இதமாக இருக்கும். அனுபவமுள்ள ஒரு பெரியவர் அக்கறையோடு நமக்காக உட்கார்ந்திருப்பதும் ஆறுதல்தான். மூன்று நாள் தொடர்ந்து எழுதுவது வழக்கம்.

என் கவலையெல்லாம் அந்த மூன்று நாளைப் பற்றித்தான். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கினால்தான் முழுப் பயன். அசைக்ளோவிர் என்ற அந்த மாத்திரை வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். நரம்பைச் சிதைத்து முடித்த பிறகு கொடுத்தால் சிதைந்ததை மீட்காது. அந்த மருந்து பிறந்த ஆய்வுக்குழுவை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியன் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். இன்று அது இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் சாதாரண மாத்திரை. வழக்கமாக 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாள். சிறுநீரகத்தைப் பார்த்து டாக்டர் அளவைக் குறைப்பார். மூன்று நாளும் எழுதி முடித்துவிட்டு நான்காம் நாள் பேருந்து ஏறினால், மருந்தின் நல்ல நேரம் போய்விட்டிருக்கும்.

அக்கி எழுத விரும்புகிறவர்களைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் வரிசை முக்கியம். முதல் நாளே அன்னவாசல் அரசு மருத்துவமனை. அங்கிருந்து அனுப்பினால் 2017-இல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மாத்திரை வயிற்றுக்குள் போன பிறகு மற்றதெல்லாம். உடைந்த கொப்புளத்தின் மேல் எதையும் பூச வேண்டாம். எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு அங்கே சீழ் வைத்துவிடும். மூன்று நாள் தாண்டிவிட்டாலும் போகாமல் இருக்காதீர்கள். முடக்குவாத மருந்து சாப்பிடுகிறவருக்கு அப்போதும் டாக்டர் மாத்திரை கொடுப்பார்.

நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண்ணுக்குள் போகும் அபாயம் உண்டு. அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். கொப்புளம் ஒரு பட்டையில் நிற்காமல் உடம்பெங்கும் பரவினால் படுக்கையில் சேர வேண்டியிருக்கும். கூடவே, சாப்பிடும் முடக்குவாத மருந்துச் சீட்டைக் கட்டாயம் காட்டுங்கள். டோஃபாசிடினிபைக் கொப்புளம் ஆறும்வரை நிறுத்தச் சொல்வார்கள். ஸ்டீராய்டை மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், ஆறிய பிறகும் தங்கிவிடும் நரம்பு வலி. மூன்று மாதத்துக்கு மேலும், சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கும். ஏற்கெனவே மூட்டு வலியோடு மல்லுக்கட்டுகிறவருக்கு இரண்டாவது வலி ஒன்று வேண்டவே வேண்டாம்.

தடுப்பூசி இருக்கிறது, எட்டவில்லை

அக்கிக்குத் தடுப்பூசி உண்டு. 2006-இல் வந்த பழைய ஊசியில் உயிருள்ள வைரஸ் இருந்ததால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்குப் போட முடியவில்லை. 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஷிங்க்ரிக்ஸில் உயிருள்ள வைரஸ் இல்லை. வைரஸின் ஒரு புரதம் மட்டுமே. ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வில் 97 விழுக்காடு பாதுகாப்புத் தந்தது. எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு அது சற்றுக் குறையலாம். இரண்டு டோஸ், ஓரிரு நாள் கைவலியும் காய்ச்சலும் வரலாம். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து சாப்பிடும் முடக்குவாதக்காரர்கள் 18 வயதிலிருந்தே இதைப் போட்டுக்கொள்ளலாம் என்று அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் கல்லூரி 2022-இல் பரிந்துரைத்தது. டோஃபாசிடினிப் தொடங்குமுன் போட்டுக்கொள்ள முடிந்தால் மிக நல்லது.

2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. ஆனால் ஒரு டோஸே பல ஆயிரம் ரூபாய். நூறு நாள் வேலையைக்கூடக் கை வலியால் விட்டுவிட்ட ஒரு பெண் அதை எப்படி வாங்குவார்? எல்லாருக்கும் இலவசமாகக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. அரசு மருத்துவமனையில் முடக்குவாதத்துக்கு இந்த மருந்துகளை வாங்குகிறவர்களுக்காவது அரசே போட வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீடு வீடாகப் போகிறார்கள்; 'முதுகிலோ இடுப்பிலோ எரிச்சல் இருக்கிறதா, ஆத்தா?' என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கச் சொல்லலாம். அதற்குச் செலவே இல்லை.

அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது உங்கள் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எனக்குச் சின்னம்மை வந்திருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது? என் மருந்தில் அக்கி வரும் ஆபத்து எவ்வளவு? தடுப்பூசி எப்போது போடலாம்? பதிலை மருந்துச் சீட்டின் பின்புறமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லிவையுங்கள்: ஒரு பக்கம் எரிச்சலோ கொப்புளமோ தெரிந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அடுத்த வாரம்: உயிரியல் ஊசி தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை ஏன் கட்டாயம்?

(தொடரும்)