ஓட்டமா, பளுவா? ஒரு கணக்கு

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி மாணவன் ஒருவன் ஆய்வுக்கூட வாசலில் என்னை மடக்கினான். “சார், ஆற்றல் அழிவின்மை விதி என் உடம்புக்கு மட்டும் பொருந்தாதா?” என்று கேட்டான். இரண்டு மாதமாக உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்ப் பளு தூக்குகிறானாம். எடை இறங்கவில்லை, ஒரு கிலோ ஏறியிருக்கிறது. தினமும் மைதானத்தைச் சுற்றி ஓடும் அவன் அண்ணனுக்கோ இரண்டு கிலோ குறைந்துவிட்டது. வெறுத்துப் போய் ஒரு வாரமாகக் காலைச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டான். முகம் வாடிக் கிடந்தது.

உங்களில் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கலாம். முதலில் விதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது எவருக்கும் விலக்குத் தருவதில்லை. 1890களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அட்வாட்டர் என்ற வேதியியல் அறிஞரும் ரோசா என்ற இயற்பியல் அறிஞரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். செப்புத் தகட்டுச் சுவர் கொண்ட ஒரு சிறு அறைக்குள் ஓர் ஆளை நாள்கணக்கில் தங்க வைத்தார்கள். அவர் உண்பது, உறங்குவது, மிதிவண்டி மிதிப்பது எல்லாம் உள்ளேயேதான். அவர் உடல் வெளியிட்ட வெப்பத்தைக் குழாய்களில் ஓடிய குளிர்ந்த நீர் வாங்கிக்கொண்டு வந்தது. நீர் எவ்வளவு சூடேறியது என்று அளந்து, உணவின் ஆற்றலோடு ஒப்பிட்டார்கள். வரவும் செலவும் ஏறக்குறைய அப்படியே ஒத்துப்போயின!

அப்படியானால் நம் மாணவனின் கணக்கு எங்கே பிசகியது? போட்டுப் பார்ப்போமா?

10 கிலோகிராம் எடையுள்ள டம்பெல்லை அரை மீட்டர் உயரம் தூக்கினால் செய்யும் வேலை 10 × 9.8 × 0.5 = 49 ஜூல். நூறு முறை தூக்கினால் 4,900 ஜூல். ஒரு கிலோகலோரி என்பது 4,184 ஜூல். ஆக, கை கடுக்கக் கடுக்க நூறு தடவை தூக்கியும் செய்த வேலை ஒரு கிலோகலோரிக்குச் சற்று மேல்தான்! தசை, தான் செலவிடும் ஆற்றலில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது. மீதி வெப்பமாகிப் போகிறது. எனவே நிஜச் செலவு ஐந்து என்று வைப்போம். மெல்ல இறக்குவதற்கும் தாங்கிப் பிடிப்பதற்கும் சேர்த்துப் பத்து என்றே தாராளமாகக் கொள்வோம். ஓர் இட்லியில் சுமார் 50 இருக்கிறது.

ஓட்டத்தைப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் ஓட, உடலின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 300. கால்களின் பெரிய தசைகள் ஓய்வின்றி உழைப்பதுதான் காரணம். பளு தூக்குபவரோ தூக்கும் நேரத்தைவிட மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் நேரம்தான் அதிகம். ஆனால் அண்ணனும் துள்ள வேண்டாம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கிலோகலோரி அடங்கியிருக்கிறது. உணவைக் கூட்டாமல் இருந்தால்கூட ஒரு கிலோவைக் கரைக்க இப்படி 26 நாள் ஓட வேண்டும்.

“தசை வளர்த்தால் தூங்கும்போதும் கொழுப்பு எரியும் என்கிறார்களே சார்?” என்றான். எரியும், எவ்வளவு என்று கேட்க வேண்டும். ஓய்விலிருக்கும் ஒரு கிலோ தசை ஒரு நாளில் செலவிடுவது சுமார் 13 கிலோகலோரி. அதே எடைக் கொழுப்பு 4 அல்லது 5. அரும்பாடுபட்டு இரண்டு கிலோ தசை சேர்த்தால் நாளொன்றுக்கு 26, அதாவது அரை இட்லி! (கல்லீரல் கிலோவுக்கு 200 செலவிடுகிறது, எந்தப் பயிற்சிக் கூடத்துக்கும் போகாமலே.)

அப்படியானால் பளு தூக்குவது வீணா? அதுதான் இல்லை. 2012இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எடை மிகுந்த பெரியவர்களை மூன்று குழுவாகப் பிரித்து எட்டு மாதம் பயிற்சி தந்தார்கள். ஓட்டம் போன்ற பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பு சராசரியாக 1.7 கிலோ குறைந்தது. பளு மட்டும் தூக்கியவர்களுக்குக் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. தசை முதலியன ஒரு கிலோ அளவு கூடியதால் மொத்த எடை ஏறியது. நம் மாணவனின் கதையேதான்! இரண்டையும் செய்தவர்களுக்குக் கொழுப்பு 2.4 கிலோ குறைந்தது, தசையும் கூடியது. ஆனால் அவர்கள் செலவிட்ட நேரமும் ஏறக்குறைய இரு மடங்கு; அதையும் சொல்லிவிட வேண்டும்.

எடைக் கருவிக்குக் கொழுப்பும் தசையும் ஒன்றுதான். அடர்த்தியில்தான் வேறுபாடு. ஒரு கிலோ கொழுப்பு அடைக்கும் இடம் சுமார் 1,100 கன சென்டிமீட்டர். ஒரு கிலோ தசைக்கு 940 போதும். ஆகவே எடை மாறாமலே இடுப்பு சுருங்கலாம். “எடைக் கருவியை விடு, தையற்காரரின் அளவு நாடாவை எடு” என்றேன் அவனிடம். காலை உணவை நிறுத்தியதற்குத்தான் கடிந்துகொண்டேன். பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பை மட்டும் எடுப்பதில்லை, தசைப் புரதத்திலும் கை வைக்கும்; இரண்டு மாத உழைப்பு அதில் கரையும். உங்களுக்கோ வளரும் வயது. எடை கூடுவதே இயல்பு.

சில மாதம் கழித்து வேறொரு கேள்வியோடு வந்தான். “கரைந்த கொழுப்பு எங்கே போகிறது சார், வியர்வையிலா?” நல்ல கேள்வி! 2014இல் மீர்மன், பிரவுன் என்ற ஆஸ்திரேலியர் இருவர் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வெளியேறுகிறது; 1.6 கிலோ நீராகிறது. பெரும்பகுதி காற்றோடு போகிறது! அதற்காக வகுப்பில் உட்கார்ந்தபடியே வேகவேகமாக மூச்சு விட்டு மெலியலாம் என்று முயன்றுவிடாதீர்கள், தலைதான் சுற்றும்.