மீன் வளர்ப்போர் சங்கம்: சந்தாவுக்கு ஏற்ற பலன் உண்டா?

வீட்டில் வண்ண மீன் வளர்க்கும் பழக்கம் நம் நாட்டு நகரங்களில் வேரூன்றிவிட்டது. கொல்கத்தாவின் காலிஃப் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, மும்பையின் குர்லா, சென்னையின் கொளத்தூர் ஆகிய இடங்களில் கூடும் கூட்டமே அதற்குச் சான்று. எனினும், ஆசையோடு வாங்கிய தொட்டி சில மாதங்களிலேயே பரணுக்குப் போய்விடும் வீடுகளும் பல. மீன் வளர்ப்போர் சங்கத்தில் சேர்வது இவ்விழப்பைத் தவிர்க்க உதவுமா என்பதை வரவு செலவுக் கணக்காகவே பார்ப்போம்.

முதலில் செலவுப் பக்கம். 60 செ.மீ. நீளமும், 30 செ.மீ. அகலமும், 30 செ.மீ. உயரமும் உடைய தொட்டி விளிம்பு வரை நிரப்பினாலும் 54 லிட்டர் நீரே கொள்ளும். அச்சிறிதளவு நீரில் மீன்களின் கழிவும் எஞ்சிய தீனியும் அமோனியாவாகின்றன. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பிற நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் மீனுக்குக் கொடிய நஞ்சு. நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு. புதிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் நிலைபெறப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே பத்து மீன்களை விட்டால், நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும்போதே அவை ஒவ்வொன்றாக மடியும்.

இங்குதான் சங்கத்தின் வரவு தொடங்குகிறது. நோயற்ற பழைய தொட்டியிலிருந்து உறுப்பினர் ஒருவர் தரும் வடிகட்டிப் பஞ்சுத் துண்டு, நுண்ணுயிர்களையும் உடன் கொண்டுவந்து அக்காத்திருப்பைக் குறைக்கும். நீர்ச் சோதனைக் கருவியைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம். குழாய் நீரின் குளோரின், ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மை ஆகியவற்றை அவ்வூரில் வளர்ப்பவரே நன்கறிவர். கப்பி போன்றவை ஈனும் குஞ்சுகளும் கைமாறும்.

பணத்தால் அளக்கவியலாத பயனும் உண்டு. வளர்க்க இயலாமல் ஏரியில் விடப்படும் ‘சக்கர்’ மீன் பெருகி, மீனவர் வலைகளைக் கிழிக்கிறது. உள்நாட்டு மீன்களின் இடத்தையும் பறிக்கிறது. சங்கம் இருப்பின் அம்மீனுக்கு வேறொரு தொட்டி கிடைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளுக்கே உரிய ‘மிஸ் கேரளா’ மீன் அழிவின் விளிம்பை நெருங்க, வணிகத்திற்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டதும் ஒரு காரணம். பண்ணையில் பிறந்த மீனையே வாங்கும் ஒழுக்கம் இத்தகைய கூட்டங்களில்தான் பரவும்.

ஆயினும் எல்லாச் சங்கமும் சங்கமன்று. சில, விற்பனையாளரின் மறைமுகக் கடைகளே. சேருமுன் ஓரிரு கூட்டங்களுக்குச் சென்று பார்ப்போம். சந்தாவுக்கு இரசீது தருகின்றனரா, பணம் தனிநபர் கணக்கில் அன்றிச் சங்கத்தின் பெயரிலுள்ள கணக்கில் சேர்கிறதா, அதனை இருவர் கையொப்பமிட்டு இயக்குகின்றனரா, ஆண்டுக்கொருமுறை கணக்கு வாசிக்கப்படுகிறதா என்று கேட்போம்.

பல ஆண்டுகளாக ஒரே தொட்டியைச் செம்மையாகப் பேணுபவருக்குச் சங்கம் கட்டாயமன்று. புதிதாகத் தொடங்குபவருக்கும், இனப்பெருக்கத்தில் நாட்டமுள்ளவருக்கும் அது ஏற்ற முதலீடே. முதல் மீனை வாங்குவதற்கு முன்பே சேர்ந்தால் பலன் இரட்டிப்பாகும்.